பையில் ஏறி வந்த மாத்திரை

பவானிபூர், கல்கத்தா

கண்ணே,

நீ அனுப்பிய பார்சல் பால்கனிக் கயிற்றுப் பையில் மேலேறி வந்து சேர்ந்தது. கிங்கோ மரத்து இலையின் சாறெடுத்து, ஒவ்வொரு மாத்திரையிலும் சத்து ஒரே அளவில் இருக்கும்படி செய்தது, அப்பாவின் மறதிக்கு நல்லது என்று எழுதியிருந்தாய்.

அப்பாவைப் பார்க்க வந்த டாக்டரிடம் காட்டினேன். மறதிக்குக் கேட்கும் என்று நிச்சயமில்லையாம். ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் மருந்தோடு இதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம், கொடுக்க வேண்டாம் என்றார். டப்பாவை மூடி வைத்துவிட்டேன். நீ வருத்தப்படாதே. எனக்கு வருத்தமில்லை.

போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார். அதனால்தான் கடிதம். காய்கறிக்குப் பை இறக்கும்போது இதையும் வைப்பேன்; கீழ்வீட்டு வங்காளி அண்ணி, நாம் பௌதி என்று கூப்பிடுவோமே, அவள் தபாலில் சேர்த்துவிடுவாள்.

வாசல் இரும்புக் கதவு உனக்கு நினைவிருக்கும். ஆபீஸ் போகும்போது வெளியே பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு போவாரே. திருட்டு பயம் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். இப்போது உள்ளிருந்து பூட்டுகிறார்; டாக்டருக்கு மட்டும் திறந்து, உடனே பூட்டிவிடுவார். உன் பெயர் மறந்துவிட்டது, என் பெயரும்தான். பூட்டுவது மட்டும் மறக்கவில்லை.

நேற்று என்னைப் பார்த்து, "நீங்க யாரு? எப்போ உங்காத்துக்குப் போகப் போறேள்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"கதவைத் திறங்கோ, இப்பவே போறேன்" என்றேன்.

பூணூலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"திறக்கப்படாது மாமி. திறந்தா என் ஆம்படையா வெளில போயிடுவா."

உன்
அம்மா