அஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை பேர்

செப். 8, திங்கள்

புழுக்கம். பல் க்ளினிக்ல ஏ.சி. ரிப்பேர். வாயைத் திறந்து வெச்சிருக்கிற பேஷன்டுக்கு டேபிள் ஃபேன், ரிசப்ஷன்ல எனக்கு ஒண்ணும் இல்ல.

சாப்பாட்டு நேரத்துல ஏழாம் கணக்கு. நாலாவது தடவை. புக் பின்னாடி விடை 3.28. எனக்கு 9.41. அழிச்சிட்டு மறுபடி போட்டேன். 9.41. தப்பா இருந்தாலும் பிடிவாதமான தப்பு.

சாயந்திரம் மயிலாப்பூர், ஈவினிங் எம்.பி.ஏ. க்ளாஸ். மத்த பேப்பர்ல பக்கம் பக்கமா எழுதித் தப்பிச்சுடலாம். க்யூ.எம்.ல (க்வான்டிடேடிவ் மெத்தட்ஸ்) முடியாது. எல்லாம் கணக்கு. போன வருஷம் என்னைக் கவுத்த பேப்பர். முப்பத்தொரு வயசுல அரியர்!

சந்தானம் சார் ப்ராஜெக்ட் குடுத்துட்டார். ஏதாவது ஒரு கடையோட பில்லிங் கவுன்டர். அஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை பேர் வந்து வரிசையில சேர்றாங்கன்னு எண்ணணும். ரெண்டு மணி நேரம், அதாவது 24 கட்டம். மூணு நாள். அது பாய்சான் பரவலுக்குப் பொருந்துதான்னு கையால போட்டுக் காட்டணும். பாய்சான்னா, ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாம தனித்தனியா வந்தா எண்ணிக்கை எப்படி விழும்னு ஒரு கணக்கு. எக்செல் கூடாது. 20 மார்க். 10 வாங்கலன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க.

என் க்ரூப்:
நான் - செவ்வாய்.
வைஷ்ணவி - வியாழன். மாட வீதிப் பக்கம் வீடு, பேங்க்ல வேலை.
முரளி - சனி. கிண்டில கொரியர் குடோன். முன்னே சைதாப்பேட்டையில எங்க தெருவுக்கு அஞ்சாவது தெரு, ஆத்தோரம். அங்க வீடுகளை இடிச்சப்புறம் ஊருக்கு வெளிய பெரும்பாக்கம். ரெண்டு பஸ் மாறி வர்றான், பாவம்.

கடைக்கு நான் பொறுப்பு. நம்ம பேஷன்ட் ஒருத்தர் தி.நகர் ஜவுளிக் கடையில ஃப்ளோர் மேனேஜர், அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். அவருக்கு எத்தனை தடவை அப்பாயின்ட்மென்ட் முன்னாடி தள்ளிக் குடுத்திருக்கேன். போன் போட்டேன். "வாங்கம்மா, ஓரமா நின்னு எண்ணிக்கிடுங்க."

மூணு பேர் பேரையும் எழுதி லெட்டர் எடுத்துட்டுப் போகணும். மறக்கக் கூடாது.

செப். 9, செவ்வாய்

5 முதல் 7 வரை. கால் போச்சு.

க்ளினிக் யூனிஃபார்மோட போனது தப்பு. கடை ஆள்னு நெனச்சு பதினோரு பேர் என்கிட்ட சைஸ் கேட்டாங்க. ஒரு அம்மா ஜாக்கெட் துணியை என் தோள்மேல போட்டு மேட்ச் ஆகுதான்னு பாக்கறாங்க. அந்த நேரம் வரிசையில ரெண்டு பேர் சேர்ந்தாங்களா, மூணு பேரா? மூணுன்னு போட்டேன்.

யாரை எண்றதுன்னே தெரியல. கல்யாண ஜவுளி எடுக்க ஒரே குடும்பம் ஒன்பது பேர். ஒரு பில்தான். சரி, ஒண்ணு. கவுன்டர் கிட்ட போனதும் மாமியார் தனி பில், மருமகள் தனி பில். ஒண்ணை அடிச்சு ரெண்டு. அப்புறம் மருமகள் வரிசையை விட்டுப் போய் ஒரு பாவாடை எடுத்துட்டு மறுபடி வந்து நிக்கறா. இவ பழைய ஆளா புது ஆளா? இதெல்லாம் புக்ல இல்ல. புக்ல வர்றவங்க எல்லாம் ஒத்தையா வர்றாங்க, ஒழுங்கா நிக்கறாங்க.

ஒருத்தர்: "ஏம்மா, எங்கள எதுக்கு எண்ற? டோக்கனா?"

2, 0, 7, 1, 1, 9, 3, 0... ஒரு கட்டத்துல 12.

செப். 10, புதன்

சராசரி 3.96. வேரியன்ஸ், அதாவது சராசரியைச் சுத்தி எண்கள் எவ்வளவு சிதறுதுங்கற அளவு, 12.4. பாய்சான்னா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா வரணும். எனக்கு மூணு மடங்கு.

நாலு தடவை சரிபாத்தேன். க்ளினிக்ல ஒரு வேர் சிகிச்சைக்காரரைப் பல் க்ளீனிங்குக்கு அனுப்பிட்டேன். டாக்டரம்மா ஒரு பார்வை பாத்தாங்க. திட்டியிருந்தா பரவாயில்ல.

க்ளாஸ்ல சார் பேப்பரை வாங்கி: "என்னம்மா இது, வேரியன்ஸ் பன்னெண்டு? எண்ணத் தெரியலையா, கூட்டத் தெரியலையா?"

"குடும்பம் குடும்பமா வர்றாங்க சார். வந்தா மொத்தமா, இல்லன்னா யாரும் இல்ல."

"அதெல்லாம் கதை. டேட்டாவை ரீசெக் பண்ணு."

எப்படி ரீசெக் பண்றது? அந்த மாமியாரையும் மருமகளையும் திருப்பிக் கூப்பிடவா?

செப். 11, வியாழன்

வைஷ்ணவி போன். "கல்பனா, ஒரு மாமி பர்ஸை என் கையில குடுத்து பிடிச்சுக்கோன்னு சொல்லிட்டு ட்ரையல் ரூமுக்குள்ள போயிட்டா. அதைப் பிடிச்சுண்டு நின்னதுல நாலஞ்சு பேரை விட்டுட்டேனோன்னு பயமா இருக்கு. ஆத்துக்கு வந்து பாத்தா கால் ரெண்டும் வீங்கிண்டு நிக்கறது."

அவளுக்கும் சராசரி 4.4, வேரியன்ஸ் 10.2. அப்பாடா. தப்பு என் தலையில மட்டும் இல்ல.

செப். 13, சனி

அஞ்சரைக்குப் பிடிச்ச மழை ஆறே கால் வரைக்கும் கொட்டு கொட்டுன்னு. சைதாப்பேட்டையே இருட்டிப் போச்சு. மாடியில துணி. அம்மா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் ஓடி அள்ளினோம், பாதி நனைஞ்சுது.

முரளி தி.நகர்ல இருப்பான். மெசேஜ் போட்டேன்: எண்ணியாச்சா?

7.20க்கு பதில்: முட்ச்சிட்டேன்க்கா.

செப். 15, திங்கள்

இன்னிக்கு எரிச்சல் தாங்கல.

முரளி பேப்பரைக் குடுத்தான். சார் பாத்துட்டு எல்லாரும் பாக்கற மாதிரி தூக்கிக் காட்டினார். "இது டேட்டா. எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க. கல்பனா, இவர்கிட்ட எப்படி எண்றதுன்னு கத்துக்கோ." முரளி குனிஞ்சே நின்னான். அடக்கம்னு நெனச்சேன்.

பஸ்ல உக்காந்து எடுத்துப் பாத்தேன்.

6, 7, 5, 6, 8, 5, 7, 6, 4, 7, 5, 6, 8, 6, 5, 7, 6, 5, 7, 4, 6, 7, 5, 6

கூட்டினா 144. சராசரி 6. புள்ளிக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லாத முழு ஆறு. வேரியன்ஸ் 1.2. நாலுக்குக் கீழ இல்ல, எட்டுக்கு மேல இல்ல. பக்கத்துப் பக்கத்துல ஒரே எண் ஒரு தடவைகூட வரல. ஆவணி முகூர்த்த சீசன், சனிக்கிழமை, முக்கால் மணி நேரம் மழை. அந்த முக்கால் மணியிலயும் அஞ்சு, ஏழு, ஆறு, நாலுன்னு ஜனங்க மூச்சு வாங்காம வந்துட்டே இருக்காங்க.

இவன் எண்ணல. எழுதியிருக்கான்.

நான் ரெண்டு மணி நேரம் நின்னு எண்ணினது தப்பு. இவன் உக்காந்து எழுதினது டேட்டா.

செப். 17, புதன்

நேத்து முழுக்க பேசலாமா வேணாமான்னு. இன்னிக்குப் பேசிட்டேன். பேசின விதம் சரியில்ல, இப்பத் தெரியுது.

க்ளாஸுக்கு முன்னாடி, வராண்டா. வைஷ்ணவி இருந்தா, வேற ரெண்டு க்ரூப்பும் இருந்துச்சு.

"முரளி, இதை எங்க உக்காந்து எழுதின?"

"இன்னாக்கா?"

"எண்ணவே இல்லல்ல நீ?"

"எண்ணுனதுதான்க்கா."

"மழையில யாருமே குறையலையா? உன் கடையில மட்டும் ஜனங்க அளவெடுத்து வர்றாங்களா? நாங்க ரெண்டு பேரும் முட்டாளா, கால் வலிக்க நின்னோம்?"

வைஷ்ணவி என் கையைப் பிடிச்சா. "விடுங்கோ கல்பனா, எல்லாரும் பாக்கறா."

முரளி முகம் என்னமோ ஆச்சு. பையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். க்ளாஸுக்கு வரல.

வெள்ளிக்கிழமை சப்மிஷன். என் 10 மார்க் போச்சு. சார்கிட்ட சொன்னா மூணு பேருக்கும் சைபர். சொல்லாம குடுத்தா என் பேரும் அந்தப் பொய்க்குக் கீழ. ரெண்டாம் தடவையும் அரியர்னா அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, "வேலை இருக்குல்ல, போதும் விடு"ம்பாங்க. அதுதான் தாங்காது.

செப். 18, வியாழன்

க்ளினிக் முடிச்சு நேரா தி.நகர். இன்னொரு சனிக்கிழமை நின்னுக்கலாமான்னு கேக்கத்தான் போனேன்.

அண்ணாச்சி: "தாராளமா. போன சனிக்கிழமைதான் உங்காளுக யாரும் வரலியே."

"வந்தாரே அண்ணாச்சி. முரளின்னு ஒருத்தர்."

"அப்படியா?" கொஞ்சம் யோசிச்சார். "ஒரு பையன் கவுன்டர் பக்கம் நோட்டோட சுத்திக்கிட்டு நிக்கான்னு செக்யூரிட்டி வெளிய அனுப்பிட்டான்மா. ஏதோ ஐ.டி. கார்டைக் காட்டுனானாம். இதெல்லாம் யாரு வேணா அச்சடிப்பான்னு செக்யூரிட்டி கேக்கல. உங்காளா அது? நான் காலேஜ் பொண்ணுங்க வருவாங்கன்னுல்லா சொல்லி வெச்சிருந்தேன்."

லெட்டர் அவர் மேசையிலதான் இருந்துச்சு. மூணு பேர். மூணாவது பேர் முரளி. என் கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை என்கிட்ட யாரும் கார்டு கேக்கல. நானும் காட்டல. நோட்டை விரிச்சு ரெண்டு மணி நேரம் நின்னேன், ஒருத்தர் ஸ்டூல்கூட கொண்டு வந்து போட்டார், உக்காரத்தான் முடியல.

வெளிய வந்து போன் போட்டேன். மூணாவது தடவை எடுத்தான்.

"ஏன்டா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? கழுத்துல கைய வெச்சித் தள்னான்னா?"

அவனே சொன்னான்.

"எதிர்ல நின்னுக்கினு, பையோட வெளிய வர்றவங்கள எண்ணிப் பாத்தேன்க்கா. பஸ்சு பஸ்சா மறைச்சிக்கிச்சி. அப்பால மழ. நோட்டு நனைஞ்சி பூட்ச்சி. டீக்கடைல உக்காந்து எழுதிட்டேன். தப்புதான்."

"நேத்து அத்தனை பேர் முன்னாடி நான் கேட்டது தப்பு, முரளி."

"சரிக்கா. லோடு வந்து நிக்குது, வைக்கிறேன்."

அவ்வளவுதான். மன்னிச்சானா இல்லையா தெரியல.

செப். 19, வெள்ளி

முரளி வந்தான். மூணு பேரும் கான்டீன்ல.

வைஷ்ணவிக்கு எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு அவ: "இருந்தாலும் கேக்கறேன். இப்படியே குடுத்துட்டா என்ன? சாருக்குத்தான் பிடிச்சுப் போச்சே. லேட்டா குடுத்தா அஞ்சு மார்க் போயிடும்."

அவ கேட்டது நியாயம். எனக்கும் அதேதான் ஓடிட்டு இருந்துச்சு.

முரளிதான் பேப்பரை எடுத்து நாலா கிழிச்சான். "நாளைக்கு நா நிக்கிறேன்."

"நானும் வரேன்"னேன். "நான் வந்தா அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"நீ வந்தாதான் வுடுவான்னா எனக்கு வாணாம்க்கா."

வைஷ்ணவி ஒரு போண்டாவைப் பிச்சு மூணு தட்டுலயும் வெச்சா. யாரும் சாப்பிடல.

சாரைப் பாத்துச் சொன்னோம்: சனிக்கிழமை டேட்டா சரியில்ல, மறுபடி எடுக்கறோம். காரணம் சொல்லல. முரளி சொல்லக் கூடாதுன்னுட்டான். சார்: "அதுதானே நல்லா இருந்தது?" திங்கள் வரை டைம். லேட்டுக்கு அஞ்சு கட்.

அண்ணாச்சிக்கு மட்டும் போன் போட்டேன், முரளிக்குத் தெரியாம. செக்யூரிட்டிகிட்ட பேரைச் சொல்லி வெக்கறேன்னார். இதுவும் தப்போ என்னமோ.

செப். 20, சனி

வெயில். க்ளினிக் அரை நாள்.

அஞ்சு மணியிலிருந்து இருப்புக் கொள்ளல. அம்மா: "யாருக்காவது ஆபரேஷனா? வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கற." வெண்டைக்கா நறுக்கச் சொன்னாங்க. நறுக்கினேன். பாதி முத்தல்.

7.10. முரளிகிட்டேருந்து போட்டோ. நோட்டுப் பக்கம்.

முதல் ரெண்டு கட்டம் காலி. பக்கத்துல பேனாவுல: 5.00-5.10 உள்ளே விடத் தாமதம். எண்ணவில்லை.

அப்புறம் 5, 0, 14, 9, 3, 17, 11, 2, 0... ஒரு இடத்துல 21. அடிச்சுத் திருத்தல், அம்புக்குறி, "இவர் திரும்ப வந்தார்", "ஒரே குடும்பம் 3 பில்". பாக்கவே கண்றாவி.

சந்தோஷமா இருந்துச்சு.

செப். 21, ஞாயிறு

காலையிலிருந்து கணக்கு. கால்குலேட்டர்ல ஏழு அழுத்தினா ரெண்டு ஏழு விழுது. மூணு தடவை கூட்டல் கெட்டுது. 22 கட்டம்தான், அதனால எல்லாத்தையும் 22-க்கு மாத்தணும்.

சராசரி 8.18. வேரியன்ஸ் 36.

மூணு நாளும் பாய்சானுக்குப் பொருந்தல. முடிவுரையை வைஷ்ணவி எழுதினா: வாடிக்கையாளர்கள் தனித்தனியாக அல்ல, குழுவாக வருகிறார்கள். நான் பத்து நாள் முன்னாடி சொன்னது. சார் கதைன்னு சொன்னது.

செப். 22, திங்கள்

குடுத்தாச்சு.

சார் புரட்டினார். "மூணு நாளும் பொருந்தலையா?" கணக்கை ரெண்டு இடத்துல பேனாவால தொட்டுப் பாத்தார். தப்பு கிடைக்கல, முகத்துல தெரிஞ்சுது.

சனிக்கிழமை பக்கத்துல நின்னார். "ரெண்டு கட்டம் காலியா இருக்கே. சராசரி எட்டுதானே? ரெண்டுலயும் எட்டு போட்டு நிரப்பு. இருபத்திநாலு ஆயிடும்."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள முரளி: "வேணாம் சார். அப்ப நான் உள்ள இல்ல."

சார் ஏன்னு கேக்கல. 15 போட்டார். லேட்டுக்கு அஞ்சு கழிச்சு 10.

பரீட்சை எழுதலாம், மூணு பேரும். ஆனா இருபதுல முதல் அஞ்சு எங்க போச்சு? கணக்குல ஒரு தப்புகூட இல்லையே? கேட்டே ஆகணும்னு "சார்"னு ஆரம்பிச்சேன். வைஷ்ணவி பெஞ்சுக்குக் கீழ என் காலை நல்லா மிதிச்சா.