ஆசாம் பட்ட மேசை

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலிருந்தே வெயில். கிள்ளானில் மறுபடியும் தண்ணீர் இல்லை. சாயங்காலம் தண்ணீர் லோரி வருமாம். வந்தால் பார்ப்போம்.

நாளை வெள்ளி, குத்துவிளக்கு தேய்க்க வேண்டும். சாந்தி இருந்தால் இது என் வேலையே இல்லை. அவள் கடல் தாண்டி பெர்த்தில், மகள் கவிதா வீட்டில், பேத்தியைப் பார்த்துக்கொண்டு. சிங்க் முழுக்க நேற்றைய சட்டி பானை. ஆகவே சாப்பாட்டு மேசைமேல் பேப்பர் விரித்து, பேசினில் பிடித்து வைத்த தண்ணீர், ஊறவைத்த புளி, விளக்கு. நன்றாகவே தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பேப்பரை எடுக்காமல் போய்ப் படுத்துவிட்டேன். நல்ல தூக்கம்.

எழுந்து பார்த்தால் வெள்ளை மார்பிளில் விளக்கின் அடிப்பாகம் அளவுக்கு ஒரு வட்டம். பளபளப்பே இல்லை. விரலால் தடவினால் சொரசொர.

மாலையில் சாந்தி வீடியோ போன். மேசை தெரியாதபடி வாசலில் போய் நின்றுகொண்டேன். குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம். அடுத்த வாரம் அவள் திரும்ப வேண்டும், டிக்கெட் இருக்கிறது. கவிதா இன்னும் இரண்டு மாதம் இருக்கச் சொல்கிறாளாம். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குழாயில் தண்ணீர், செம்மண் நிறத்தில். விளக்கு ஏற்றினேன். திரி அணைந்து அணைந்து போனது. சாந்தி கைக்கு மட்டும்தான் கேட்கும்போல.

வட்டத்தை சோப்பு போட்டுத் துடைத்தேன். அசையவில்லை. நம் வீட்டில் எந்தக் கறைக்கும் கடைசி மருந்து எலுமிச்சைதான். பாதிப் பழத்தை வைத்து அழுத்தித் தேய்த்தேன். இப்போது வட்டம் தட்டு அளவு. மூளை இருந்தால்தானே.

இந்த மேசை அவள் தேர்வு. கடையில் இருந்தபோதும் "உன் இஷ்டம்" என்றுதான் சொன்னேன், வீட்டுக்குள் கொண்டுவரும்போது கனக்கிறது என்று முனகினேன். அன்றைக்கு அவள் சொன்னது: "எல்லாமே என் இஷ்டம்னா நீங்க எதுக்கு இருக்கீங்க?" தமாஷாகத்தான் சொன்னாள் என்று நினைத்திருந்தேன்.

மதியச் சமையல் முடிந்ததும் கன்னத்தை அந்தக் கல்லில் வைத்து உட்கார்ந்திருப்பாள். ஜில்லென்று இருக்குமாம். இன்று நானும் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. அதிக நேரம் இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஹார்ட்வேர் கடை. சீனக் கடைக்கார பாஸிடம் போனில் படம் காட்டினேன். பார்த்த உடனே கேட்டார்: "கெனா ஆசாம் கா?" ஆசாம் பட்டதா என்று.

அப்போதுதான் உறைத்தது. மேசை வாங்கிய கடையிலும் சொன்னார்கள், ஆசாம் படக்கூடாது என்று. மலாய் மொழியில் புளிக்கும் அதே சொல், அமிலத்துக்கும் அதே சொல். நான் மீன் குழம்பைச் சொல்கிறார்கள் என்று நினைத்து, இத்தனை வருடமாகக் குழம்புச் சட்டிக்கு அடியில் மட்டும் மேட் போட்டுக்கொண்டிருந்தேன். விளக்குப் புளி நினைவுக்கே வரவில்லை. எலுமிச்சை வேறு. இது கறை இல்லை, கல்லை அரித்திருக்கிறது, துடைத்தால் போகாது என்றார் பாஸ். பாலிஷ் பவுடர் கொடுத்தார். ஈரத்துணியில் தொட்டு மெதுவாக, வட்டம் வட்டமாக. இனிமேல் வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதுமாம்.

பெர்த்திலும் இங்கும் ஒரே மணி. இங்கே நான் டீ போடும்போது அங்கே அவளும் போடுவாள். இரண்டு கப் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை. முட்டி வலி. நேற்றும் இன்றும் பவுடர் போட்டுத் தேய்த்தாயிற்று. முக்கால்வாசி பளபளப்பு திரும்பிவிட்டது. சாய்ந்து பார்த்தால் தெரிகிறது. அவள் சாய்ந்துதான் பார்ப்பாள். பார்த்துத் திட்டட்டும். திட்டு வாங்கி எவ்வளவு நாளாயிற்று.

இவள் இல்லாமல் இந்த வீடு எனக்கு ஆகவில்லை. இதை எழுத வருகிறது, சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தலைமுடி வெட்டினேன். முட்டை வாங்க மறந்தேன்.

சாந்தி போன். டிக்கெட்டைத் தள்ளிப் போடுவதென்றால் இன்றைக்கே சொல்ல வேண்டுமாம், தள்ளவா என்று கேட்டாள். "உன்" என்பதுவரை வாய்க்கு வந்துவிட்டது. விழுங்கினேன். வேண்டாம் என்றேன். அதோடு நிறுத்தாமல் போனைத் திருப்பி மேசையையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"மேசை கெட்டுப் போச்சுன்னுதான் கூப்பிடுறீங்களா?"

"மேசை கெடக்கட்டும். நீ வா சாந்தி. உன்ன மனசு தேடுது."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. பிறகு கவிதாவின் குரல்.

"அப்பா, அம்மாவுக்குச் சரியா கேக்கலயாம். இன்னொரு தடவ சொல்லச் சொல்றாங்க."

அவளுக்குக் கேட்டிருக்கிறது. எனக்குத் தெரியாதா. சொன்னேன்.