வெட்ஜுக்கு ஒரு தடி

1984 பெப்ரவரி 11, சனி

பனி. எழும்பியதும் முதல் வேலை, விறாந்தையில் கிடந்த பனஞ்சீவலைக் கூட்டி அள்ளி அடுப்படிக்குக் கொண்டுபோனது. நன்றாக எரிந்தது. இவர் விடியமுன்பே பனந்தடியைச் சீவத் தொடங்கிவிட்டார்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், அரத்தாள், மச்சாளுக்குப் புகையிலை, சிவப்பு மை.

எங்கள் கொழும்பு வீடு எரிந்தபின் இவர் போய்ப் பார்த்து, ஒரு சாக்குக்குள் போட்டுக்கொண்டு வந்தது மூன்று இரும்புத் தலைகள். கோல்ஃப் மட்டையின் தலைகள். தடியெல்லாம் சூட்டில் முறுகிப் போய்விட்டதால் அங்கேயே எறிந்தாராம். மூன்றும் வெட்ஜ் என்கிறார். கிட்ட நின்று பந்தை உயர எழுப்பி, விழுந்த இடத்திலேயே நிற்கவைக்கும் மட்டை. அதற்குத்தான் இப்போது பனையில் தடி. யாழ்ப்பாணத்து ஆள் வேறு எந்த மரத்தைத் தொடுவார்.

இவர் வேலைசெய்த கொழும்புக் கந்தோரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போய் ஒரு கிழமை. மாத முடிவுக்குள் வந்தால் பழைய வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். "தடி சரிவரட்டும், சொல்லுறன்" என்று மட்டும் சொன்னார். வந்தவர் பகிடி என்று நினைத்திருப்பார்.

எனக்குத் தெரியும். கட்டடப் படம் கீறும் கை. போன வருட ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நடுங்குகிறது. தன் அக்காவுக்குக்கூடக் காட்டாமல் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். கோடு கீறிப் பார்க்கப் பயந்து, பந்து அடித்துப் பார்க்கப் போகிறார்.

போகவேண்டாம் என்பதுதான் என் மனம்.

பெப்ரவரி 12, ஞாயிறு

வெயில். வெங்காயம் கிண்டிய தோட்டத் தறையில் பந்தடி. பந்து இரண்டே இரண்டு, கந்தோர் மேசை லாச்சிக்குள் கிடந்து தப்பியவை.

பனந்தடி கல்லுப் போல. மூன்றாவது அடியில் சிராய் உள்ளங்கைக்குள் ஏறிவிட்டது. ஊசியால் நான்தான் எடுத்தேன். அந்தக் கை என் கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது.

"பனை அசையாது. அடி முழுக்கக் கைக்குத்தான் திரும்பி வருது" என்றார். பிறகு சிரித்தார். கொழும்பிலிருந்து அகதிக் கப்பலேறி வந்தபிறகு இந்தச் சிரிப்பை இன்றுதான் கண்டேன்.

மச்சாள் (இவரின் அக்கா, நாங்கள் இருப்பது அவ வீட்டில்) வேலிக்கரையில் நின்று: "தம்பி, உலக்கை வேணுமெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே. உதாலை அடிச்சால் பந்தே அழும்."

பெப்ரவரி 15, புதன்

நான் படிப்பித்து முடித்துப் பள்ளிக்கூடம் விட்டு வர, கமுகஞ்சலாகையில் அடுத்த தடி. வளைத்தால் வில் மாதிரி. அழகாகத்தான் இருந்தது. அடித்த பந்து மச்சாளின் மாட்டுக் கொட்டிலுக்குள்.

"பசு பாலை நிப்பாட்டினால் நீதான் கறக்க வேணும் தம்பி."

"மாட்டுக்குப் படேல்லை அக்கா."

"அதுதான் சொல்லுறன். பாத்து அடிச்சாலும் படாது உனக்கு."

இரவு சாப்பிடும்போது எனக்கு விளக்கம். "தூரத்துக்கு அடிக்கிற மட்டைக்கு வளைவு வேணும். வெட்ஜுக்கு வேண்டாம். கிட்டத்து அடிக்குத் தடி என்ரை சொல்லைக் கேக்க வேணும், தன்ரை பாட்டுக்கு ஆடக்கூடாது." மூன்று தலைக்கும் ஒரே தடியும் சரிவராதாம். சரிவு கூடிய தலைக்குக் கட்டையாய், பாரமாய்.

பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தேன். மரத்தை இப்படி யாரும் பார்த்து நான் கண்டதில்லை. ஒரு விரலில் நிறுத்திப் பார்க்கிறார். முழங்காலில் வைத்து மெல்ல வளைக்கிறார். விரல் மொழியால் தட்டிக் காதில் பிடிக்கிறார். கலியாணம் முடித்து இருபது வருடம், கொழும்பில் இவர் விளையாடிய நாளெல்லாம் நான் கிளப் விறாந்தையில் தேநீரோடு இருந்திருக்கிறேன். ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

பெப்ரவரி 18, சனி

தடிமன், தும்மல். மிளகுத் தண்ணீர் குடித்துவிட்டு இருவருமாகச் சைக்கிளில் நீர்வேலிப் பக்கம், விறகுகாலைக்கு. வன்னியிலிருந்து விண்ணாங்கு வந்திருக்கிறதாம். மண்வெட்டிப் பிடிக்குப் போடும் மரம், இறுக்கமும் உண்டு, கொஞ்சம் இளக்கமும் உண்டு.

குவியலை முழுக்கக் கலைத்தார். நார் நுனிவரை நேரே ஓடவேண்டும், ஒரு கணுவும் கூடாது. விறகுகாலைக்காரர் பொறுமை கெட்டுப்போய்: "ஐயா, பொம்பிளை பாக்க வந்த மாதிரி நிக்கிறியள். சாதகமும் வேணுமோ?"

"வேண்டாம். முதுகு நேராயிருந்தால் காணும்."

"அப்ப அம்மாவைப் பாக்கேக்கையும் அதைத்தான் பாத்தனீங்களோ?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வாழைக்குலை ஏற்றிய வண்டியைப் பார்த்தேன். சிரிப்பு அடக்க முடியவில்லை.

பெப்ரவரி 22, புதன்

காற்று. சீவல், அரத்தாள், மறுபடி சீவல். பிடிக்குச் சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டிச் சுற்றினார். சுற்ற நான் பிடித்துக்கொடுத்தேன்.

கேட்டுவிட்டேன். "இஞ்சாருங்கோ, அங்கை திரும்பிப் போக உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயம்தான்." கையை நிறுத்தவில்லை. "நடுங்கிற கைக்கு இளகின தடி துரோகம் செய்யும். பாரமாய், விறைப்பாய் இருந்தால் நடுக்கம் மட்டையின்ரை தலைக்குப் போய்ச் சேராது. அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

முதல்முறையாக அந்தச் சொல்லை வாயால் சொன்னார், நடுக்கம் என்று. நான் திரியைத் தூண்டுவது போல விளக்கடிக்குப் போய்விட்டேன்.

ஒன்பதாம் வகுப்புக் கொப்பிகள் இன்னும் திருத்தவில்லை.

பெப்ரவரி 25, சனி

தெளிந்த வானம். தறையின் அந்தத் தலைப்பில் சுளகு ஒன்றை மல்லாத்தி வைத்தார். "அது புதுச்சுளகு, ஓட்டை விழுந்தால் நீதான் பின்ன வேணும்" என்று மச்சாள். ஆனால் அடுப்பில் உலையை விட்டுவிட்டு வந்து நின்றா.

முதல் பந்து குறுகிவிட்டது. அடுத்தது சுளகுக்கு அப்பால். பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். தடியை ஒருமுறை விரலால் தடவிவிட்டு நின்றார். அவசரமே இல்லை. அடித்த சத்தம் மெல்லியது. பந்து கிணற்றுக்கு மேலாக எழும்பி, மேலே கொஞ்சம் யோசித்தது போல நின்று, சுளகுக்குள் விழுந்து கிடந்தது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் அங்கேதான்.

மச்சாள் சுளகை எடுக்கப் போய், திரும்ப அங்கேயே வைத்துவிட்டா. அது பெரிய பாராட்டு.

இவர் என்னிடம் வந்து கையை நீட்டிக் காட்டினார். அப்படியேதான் நடுங்கியது.

"பாத்தீரோ, கை மாறேல்லை. தடிதான் மாறினது. இனி அங்கை போய்ப் பாரமான பேனை ஒண்டு தேடவேணும்."

போகிறார். கை சுகமாகட்டும் என்று இவர் காத்திருக்கிறார் என இத்தனை நாளும் நினைத்தேன். இந்தக் கையோடேயே எப்படிப் போவது என்று பார்த்திருக்கிறார்.

பெப்ரவரி 26, ஞாயிறு

நாளை இரவு ரயில். வேட்டி இரண்டு, கறுத்தச் சப்பாத்து, வழியில் தின்னப் புழுக்கொடியல், மச்சாள் இடித்த மிளகாய்த்தூள். தடி போட்ட வெட்ஜ் ஒன்று, பழைய சாறத்தில் சுற்றி.

"நீர் இஞ்சை அக்காவோடை நில்லும். அங்கை நிலைமை பாத்துப்போட்டு அறிவிக்கிறன்."

"ஓம்" என்றேன்.

மத்தியானம் முழுக்கக் கொழும்புதான் கண்ணுக்குள். அந்தத் தெரு, வீட்டு வாசலில் அந்தப் படலை, அந்தப் புகை மணம். இந்தப் பயம் போகவில்லை, போகவும் போவதில்லை.

நாளை காலை பள்ளிக்கூட அதிபரிடம் லீவு. அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய் எனக்கும் ஒரு டிக்கெட். இவருக்கு ரயில் புறப்பட்ட பிறகு தெரிந்தால் போதும்.