கடலில் போனவர்கள் கடைசியில்

ஒக். 24, 1994, திங்கள்
மழை. குளிர். பார்க்டேலில் ஸ்ட்ரீட்கார் வரவே இல்லை, பாதி வழி நடை. வேலைக்குப் பிந்தி. வாங்க: பால், சவர்க்காரம், கையுறை.

நான் வீட்டோடு நின்று பராமரிக்கிற கிழவி, மிஸிஸ் மோராக், ஸ்கொட்லாந்துத் தீவுக்காரி. மகள் பரம்பரை தேடுகிறாளாம். குரல் பதிய ரேப் ரெக்கோடரோடு வந்து குந்திவிட்டாள். கிழவி கண்ணை மூடிக்கொண்டு இன்னாரின் மகன் இன்னார் என்று அடுக்குகிறாள். கடலில் மாண்டுபோனவர்களை மட்டும் கடைசியில், தனியாக. அவர்கள் வீட்டு வழக்கமாம்.

கிழவி என்னையும் கேட்டாள், "நீ ஆரின்ரை பிள்ளை?" நெடுந்தீவிலும் முதல் கேள்வி இதுதான். சிரிப்பு வந்துவிட்டது. அப்பு, பாட்டன், பூட்டன் பெயர் சொன்னேன். என்ரை மனுசன், அவரைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஒக். 26, புதன்
மச்சாள் போன். அவருடைய அக்கா, மோர்னிங்சைடில் இருக்கிறவ. வருசா வருசம் இதே பல்லவி.

"செத்தவைக்கான ஆத்துமாக்கள் பூசைக்குத் தம்பியின்ரை பேரையும் குடுப்பமே? வள்ளம் ஏறினவன், நாலு வருசமா ஒரு தகவலும் இல்லை."

"மாட்டன். ஆள் வரும்."

போனை அடித்து வைத்தேன். என்ன மனுசி! அதற்குள் கறி அடிப்பிடித்துவிட்டது.

ஒக். 31, திங்கள்
பேய் வேசத்தில் பிள்ளைகள், இனிப்புக் கேட்டு. கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தால், கிழவி தானாக வரிசை சொல்கிறாள். மகளும் இல்லை, ரேப்பும் இல்லை. கடலில் போனவர்கள்: டொனால்ட், ஏங்கஸ், சின்ன ஈயன். பிறகு அவருடைய பெயர். தகப்பன் பெயரோடு, முழுதாக. ஒரு எழுத்துப் பிசகில்லை.

கட்டின நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. புருசன் பெயரை நாங்கள் சொல்வதில்லை. இந்தக் கொப்பியிலும் எழுதியதில்லை.

"ஆர் சொன்னது?" கிழவியை உலுக்கிவிட்டேன்.

"அவன்தான். ஒவ்வொரு நாளும் உன்னோடைதானே வாறான். கால் ஈரம், நிலத்தைத் துடைச்சுவிடு."

நான் நிலத்தைப் பார்க்கவில்லை. சரியான பயம்.

நவ. 1, செவ்வாய்
வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று பொய். தேத்தண்ணி மட்டும். பின்னேரம் நானே மச்சாளுக்குப் போன்.

"நாளைப் பூசைக்கு அவரின்ரை பேரையும் குடுங்கோ மச்சாள்."

மச்சாள் அழுது குழறத் தொடங்கினார்.

"ஐயோ, ஏனடி உப்பிடிச் சொல்லுறாய்? நீ மாட்டன், ஆள் வரும் எண்டு சொல்லுவாய் எண்டுதானே வருசா வருசம் கேட்டனான்!"