உழாமல் விட்ட நிலம்

அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்தோத்திரம். உங்கள் முழங்கால் இன்னும் என்னை மாதிரியே சொன்ன பேச்சு கேட்பதில்லையா?

இங்கே கல்லூரிப் பண்ணையில் நான் சோதனைக்காக உழாமலே வைக்கோல் மூடி உளுந்து விதைத்திருந்த துண்டு நிலத்தை டிராக்டர் டிரைவர் உழுதுவிட்டார். நம் ஊருக்குப் பக்கத்து வந்தவாசிக்காரர்தான். "வைக்கோல் மூடிக் கெடந்துச்சி தம்பி. நீ படிச்சிகினு இருக்கியேன்னு நானே ஓட்டிட்டேன்" என்றார்.

"தூங்கிகினு இருந்த உளுந்தையும் எழுப்பி உட்டுட்டீங்கண்ணா" என்று சிரித்து வைத்தேன். ஒரு முளைகூட மிஞ்சவில்லை.

அம்மாவிடம் எள்ளுப்பொடி கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் செய்யுங்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை.

நான் கெஞ்சியதற்காக ஆரணி நிலத்தை உழாமல் விட்டு, சோம்பேறி என்று ஊரில் பேச்சு வாங்குகிறீர்கள். இங்கே விளைந்ததும் படம் அனுப்பி அவர்கள் வாயை அடைக்கலாம் என்றிருந்தேன். இனி அனுப்ப எதுவுமில்லை. வகுப்புக்கு மணி அடிக்கிறது. நிலத்தை உழுதுவிடுங்கள், அப்பா.

உங்கள் மகன்,
இன்பராஜ்