செவ்வாய்க்கிழமைக்கு மாறிய கூட்டம்

அக்கா,

இன்று காலை பிரதேச சபைக் கந்தோருக்குள் காலடி வைத்ததும் பெயின்ட் மணம் மூக்கில் அடித்தது. சபை மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள். கதிரைகள் எல்லாம் விறாந்தையில் கிடந்தன. பின்சுவரோரம், பொதுமக்களுக்கென்று போட்டிருந்த மூன்று கதிரைகளுக்கு மேலே, நீங்கள் மாதாமாதம் தலை சாய்த்திருந்த இடத்தில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. நான் போவதற்குள் அதன்மேல் இரண்டாம் பூச்சும் பூசி முடித்துவிட்டார்கள்.

"சரியான ஊத்தையா இருந்தது மிஸ். இப்பதான் மண்டபம் மாதிரி இருக்கு" என்றார் பெயின்ட் அடித்தவர்.

ஓம் என்று சொல்லிவிட்டு என் மேசைக்குப் போய்விட்டேன். ஓம் என்று சொல்லுவதுதானே இத்தனை வருசமாக என் வேலை.

நீங்கள் முதன்முதல் வந்த நாளில் சைக்கிளை வாசலில் விட்டுவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தீர்கள். பிரதேச சபைக்குள் யாரும் செருப்புக் கழற்றுவதில்லை. "தங்கச்சி, சபைக் கூட்டம் நடக்கேக்க நாங்கள் வந்து இருக்கலாமோ? ஊருக்கு வகுப்பு எடுக்க வந்த ஒரு மிஸ் சொன்னவா" என்று கேட்டீர்கள். எங்கள் ஊர்ப் பேச்சைப் பழகி, கவனமாகப் பேசினீர்கள். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டை விட்டு ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் மகள் நீங்கள் என்பதை, அந்தக் கவனம்தான் எனக்குச் சொல்லிற்று.

வரலாம் என்பது எனக்குத் தெரியும். சபைத் தலைவரான தவிசாளருக்கு ஒரு கடிதம் எழுதி அறிவித்தால் போதும். இருந்து கேட்கலாம், கதைக்க முடியாது. ஆனால் நான் சபையில் சேர்ந்து பதினொரு வருசத்தில் அப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான். "என்னத்துக்கு அக்கா வாறீங்கள்?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குத்தான்" என்றீர்கள்.

உங்கள் குடியிருப்பின் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். உங்கள் கணவர் சிறுநீரக வருத்தத்தில் போனவர். அந்த வருத்தம் உங்களுக்கும் வந்துவிட்டதென்று அப்போது நீங்கள் சொல்லவில்லை. சபையின் பவுசர் வண்டி கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் கொண்டுவரும், இல்லாவிட்டால் வராது. ஒரு சுத்திகரிப்பு நிலையம் வேண்டுமென்று எத்தனையோ கடிதம் எழுதிப் பார்த்துவிட்டீர்கள். அவற்றை எல்லாம் வாங்கிக் கோப்பில் போட்டவளும் நான்தான்.

முதல் கூட்டத்துக்கு உங்களோடு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். நீங்கள் கதிரையில் இருந்ததும் உறுப்பினர்களின் பேச்சு ஒருமுறை அடங்கிற்று. பிறகு ஒருவர், உங்கள் காதில் விழட்டும் என்றே, "தோட்டக்காட்டு ஆக்களும் இனிச் சபை நடத்தப் போகினம் போல" என்றார். ஐந்தாறு பேர் சிரித்தார்கள். கூட்டறிக்கை எழுதுவது என் பொறுப்பு. நான் பேனையை எடுக்கவில்லை. தேநீர் வந்தபோது எல்லோருக்கும் கொடுத்தார்கள்; பின்சுவர் வரை தட்டு வரவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். யார் என்ன கேட்டார், யார் எழும்பிப் போனார், யார் கூட்டம் முடியும் வரை தொலைபேசியை நோண்டினார் என்று எல்லாவற்றையும். பவுசர் வரும் நாளில் வாளி வரிசையில் நிற்பவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவீர்களாம். தன் வட்டார உறுப்பினர் மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை என்று ஒருவர் அந்த வரிசையில் நின்றுதான் அறிந்துகொண்டாராம். அந்த உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் எழும்பி, தண்ணீரைப் பற்றி இரண்டு வசனம் கதைத்தார். அன்று வாசலில் சைக்கிளை எடுக்கும்போது உங்கள் முகத்தில் நான் கண்ட சிரிப்பை அதற்குப் பிறகு அதிகம் காணவில்லை.

சபையின் வரவு செலவுப் பாதீட்டை நிறைவேற்ற முன்னர் ஏழு நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். வைப்பார்கள், அலுமாரிக்குள். "அந்தப் புத்தகத்தப் பார்க்க வந்தம்" என்று நீங்கள் நான்கு பெண்களோடு வந்து நின்றபோது, அலுமாரியின் திறப்பு என்னிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எனக்காக நான் சொல்லக்கூடிய நல்லது அந்த ஒன்றுதான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, உங்கள் குடியிருப்பின் பெயரையும் அதற்கு நேரே குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்றிருந்ததையும் கண்டுபிடித்தீர்கள். உங்களோடு வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்து, "இதுதாண்டி நம்ம ஊரு" என்றீர்கள். உங்கள் வீட்டுத் தமிழை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

அடுத்த வருசம் அந்த நிலையம் வந்தது, பிரதான வீதியோரத்தில், உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி. இடத்தை மாற்றும் தீர்மானம், நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில் ஒரு நிமிசத்தில் நிறைவேறியது. அந்த ஒரு நிமிசத்தையும் நான் அழகாகத் தட்டச்சுச் செய்தேன்.

நீங்கள் திரும்பி வந்த கூட்டத்தில் எழும்பி நின்றீர்கள். கதைக்கக்கூடாது என்று தெரிந்தே நின்றீர்கள்.

"ஐயா, போன வருசம் புத்தகத்துல எங்க ஊரு பேரு இருந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். அது எங்கங்க போச்சு?"

"அம்மா, பார்வையாளர் கதைக்கேலாது. இருங்கோ" என்றார் தவிசாளர்.

"பார்த்துக்கிட்டுத்தாங்க இருக்கோம். பார்த்ததுனாலதான் கேக்குறேன்."

அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. தவிசாளர் அடுத்த விடயம் என்றார். நானும் அடுத்த விடயம் என்று எழுதினேன்.

நீங்கள் விடவில்லை. தகவல் அறியும் உரிமைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து அந்தக் கூட்டறிக்கையின் பிரதியை எடுத்தீர்கள். என் மேசைக்கு முன்னால் நின்றே வாசித்தீர்கள். முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து, மறுபடியும் ஒருமுறை வாசித்தீர்கள்.

"நான் பேசுனது எங்க, தங்கச்சி?"

"பார்வையாளர் கதைக்கிறது பதியிறேல்லை அக்கா."

"அப்ப நான் பேசலையா?"

நான் முத்திரை குத்துவது போல எதையோ செய்துகொண்டிருந்தேன். நீங்கள் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனீர்கள். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதற்குள் உங்களுக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தொடங்கியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் விடிய எழும்பி, முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். கூட்டம் மாதத்தின் இரண்டாவது வியாழன் என்பதால் அது உங்களுக்குத் தடையாகவில்லை. வீங்கிய கையோடு வந்தீர்கள். ஊசி குத்திய இடத்தை முந்தானையால் மூடிக்கொண்டு எழுதினீர்கள்.

ஒரு நாள் தவிசாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "பிள்ளை, அந்த மனுசி ஆஸ்பத்திரிக்குப் போறது எந்தெந்தக் கிழமை?" என்று கேட்டார். சுகம் விசாரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் நான் அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் என்றேன். அடுத்த நாள் காலை அவரிடமிருந்து ஒரு துண்டுத்தாள் வந்தது: இனிமேல் மாதாந்தக் கூட்டம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. நிர்வாக வசதி கருதி.

அதைத் தட்டச்சுச் செய்தேன். அறிவித்தல் பலகையில் குண்டூசி குத்தி மாட்டியதும் நான்தான்.

நீங்கள் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "யாரு மாத்துனது?"

"சபை முடிவு அக்கா."

"என் கிழமை சபைக்கு எப்படித் தெரியும்?"

நான் பலகையில் சரிந்திருந்த இன்னொரு அறிவித்தலை நேராக்கினேன். உங்களுக்குப் பதில் தேவைப்படவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் வந்தீர்கள். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் அடங்காமல், வெறுங்காலோடு வந்தீர்கள். மூச்சு வாங்கியது. "ஆஸ்பத்திரிக்குப் போங்கோ அக்கா, நான் பிறகு எல்லாம் சொல்லுறன்" என்று காதோடு சொன்னேன். "நீங்க சொல்ல மாட்டீங்க தங்கச்சி" என்றீர்கள். குரலில் ஒரு துளி கசப்பும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு விசயத்தை எனக்கு நினைவுபடுத்துவது போல இருந்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு உங்களால் வர முடியவில்லை. ஐந்தாவது வாரம் நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. ஒரு முறை சுத்திகரிப்புத் தவறியதால் நடந்ததில்லை என்று டொக்டர் உங்கள் தங்கையிடம் சொன்னாராம். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு அனுதாபத் தீர்மானம் போட்டார்கள். தோட்டக்காட்டு ஆக்கள் என்று சொன்னவரே முன்மொழிந்தார். "நல்ல வசனமாப் போட்டு எழுதுங்கோ பிள்ளை" என்றார் தவிசாளர். 'சபை நடவடிக்கைகளில் ஆர்வத்தோடு பங்குபற்றிய அன்னார்' என்று எழுதினேன். உயிரோடு இருந்தவரை கூட்டறிக்கையில் ஏறாத உங்கள் பெயர், அன்றைக்கு இரண்டு இடத்தில் ஏறியது. ஒரு நிமிசம் எழும்பி நின்றார்கள். இருந்த கையோடு, பவுசரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்பினால் போதும் என்று தீர்மானித்தார்கள்.

போன மாதம் போயா பௌர்ணமி விடுமுறையன்று உங்கள் குடியிருப்புக்குப் போனேன். முதல் தடவை. உங்கள் தங்கை என்னை வாசலிலேயே நிறுத்தி, "என்ன மிஸ், கூட்டத்த இப்ப எந்தக் கிழமைக்கு மாத்தியிருக்கீங்க?" என்றாள். ஏழெட்டுப் பெண்கள் கூடினார்கள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன்: கடிதம் எப்படி எழுதுவது, பாதீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது, கூட்டறிக்கையின் பிரதியை எடுப்பது, சபைக் குழுக்களில் வெளியாட்களும் சேரக் கேட்கலாம் என்பது. கடைசியில், உங்கள் கிழமையைத் தவிசாளருக்குச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. ஒருவரும் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. உங்கள் தங்கை எழும்பி உள்ளே போனாள். வரும்போது ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

வெயிலுக்கு நல்ல தாகம். கிளாசை வாங்கினேன். வாங்கிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. கிணற்றுத் தண்ணியோ, பவுசர்த் தண்ணியோ என்று ஒரு யோசனை. அது முழுவதும் வருத்தம் வந்துவிடும் என்ற பயம்தானா, சின்ன வயதில் எங்கள் வீட்டில் உங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பேச்சும் அதற்குள் கிடந்ததா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு முழுவதையும் குடித்தேன். ஆனால் அந்தக் கணத்தை ஏழெட்டுப் பேரும் பார்த்துவிட்டார்கள். உங்கள் தங்கை வெறும் கிளாசை வாங்கிக்கொண்டு, "நாங்க தினம் குடிக்கிறதுதான் மிஸ்" என்றாள்.

அதைத்தான் கொண்டு திரிகிறேன், அக்கா.