வலது கைத் தாயத்து

நாலந்தா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் இந்திரகுமாருக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் கத்தாரில் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற உன் கூட்டாளி றினோஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், மிளகுத் தூளும் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சோறு நெஞ்சில் அடைக்கிறது என்றேனே, கண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து வருகிற பெரிய இரத்தக்குழாய் எல்லாருக்கும் இடது பக்கம் வளையுமாம், அப்பாவுக்குப் பிறப்பிலேயே வலது பக்கம். இடது கைக்குப் போகிற குழாய் உணவுக்குழாய்க்குப் பின்னால் சுற்றிப் போகிறது, அது கிளம்புகிற இடம் பை மாதிரி வீங்கிவிட்டது. ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இப்படியாம், அந்த ஒருவர் நம் வீட்டிலா இருக்க வேண்டும். இதைவிடக் கொடுமை கேள். கிளினிக்கில் இத்தனை வருஷமும் பிரஷர் நல்லா இருக்கு என்று அனுப்பியதெல்லாம் இடது கையில் பார்த்துத்தான். வலது கையில் தாயத்து. நர்ஸ் மிஸ்ஸி பிரஷர் பட்டியை எடுத்தாலே, அந்தக் கைய விடுங்க, அது அம்மன் கை என்று இடது கையை நீட்டுவார், தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்குகிற மனுஷன், வேறு எதற்கும் பிடிவாதம் பிடிக்கமாட்டார். குழாய் நெரிபட்டதால் இடது கையில் எப்போதும் குறைத்துத்தான் காட்டுமாம். கண்டியில் தாயத்தைக் கழற்றி வலது கையில் பார்த்ததும் டொக்டரின் முகமே மாறிவிட்டது. ஏறிக்கிடந்த பிரஷர் அந்தப் பையையும் ஊதவைத்துச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது. ஒப்பரேஷன் தாங்கமாட்டார், அந்தப் பை வெடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவும் நேரம் இருக்காது என்று உன் தங்கை தினுஷாவிடம் சிங்களத்தில் சொன்னார். அப்பாவுக்கும்தான் சிங்களம் தெரியுமே.

வீட்டுக்கு வந்ததும், தாயத்தத் திரும்பக் கட்டிவிடு பாலாமணி என்றார். வலது கையில் இனிப் பிரஷர் பார்க்க வேண்டும், அதனால் நாடி பிடித்தாலும் தெரியாத அந்த இடது கையில் கட்டிவிட்டேன். சாமி கோபித்தால் கோபிக்கட்டும், என்னிடம் இனி எடுக்க என்ன இருக்கிறது என்று எழுத வந்தேன், நீ இருக்கிறாய். பிள்ளைகளுக்கும் இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொன்னார் டொக்டர். தினுஷாவுக்கு இரண்டு கையும் ஒன்றுபோல்தான் காட்டியது. லீவு கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் மனசு உடையாதே, வந்தாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரத்தான் முடியும். வேளைக்குச் சாப்பிடு.

அம்மன் உன்னையாவது விட்டுவைக்கட்டும். நீ புறப்பட்ட அன்று எயார்போர்ட் வாசலில் உன் வலது கையில் கட்டிவிட்டேனே, அதைக் கழற்றிவிட்டு இரண்டு கையிலும் பிரஷர் பார். பயப்படாதே, கட்டியவளே சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாலாமணி